பெருநாள் விடுப்பும் அன்றைய கூலியும்: சட்டம் வந்த வழி



ரமளான் இருபத்தொன்பதாம் நாள் மக்ரிபுக்குப் பின் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழும். பிறை தெரிந்ததா என்பது ஒன்று. நாளை வேலைக்கு விடுப்பு உண்டா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு ஜமாஅத்தின் அறிவிப்பு விடை சொல்லிவிடும். இரண்டாவது கேள்வியைக் கேட்போர் பலர்: குரோம்பேட்டைத் துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்று விற்பவர், சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் தையல் இயந்திரத்தின் முன் அமரும் சகோதரி, பல்லாவரத்தில் தோல் அறுக்கும் தொழிலாளி, பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனத்துக்குப் பேருந்தேறும் இளைஞர். அவர்களுக்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் மூன்று. "முதலாளி மனம் வைத்தால் உண்டு" என்பார் ஒருவர். "அரசு விடுமுறைதானே, எல்லாருக்கும் உண்டு" என்பார் இன்னொருவர். "போகலாம், ஆனால் கூலி கிடையாது" என்பார் மூன்றாமவர். மூன்றும் பிழை. ஏன் பிழை என்பதை அறிய, கூலியுடன் கூடிய ஓய்வு என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது, நம் மாநிலத்தில் அது எவ்வாறு சட்டமாயிற்று என்று பார்க்க வேண்டும்.

முதலில் நம் மார்க்கத்தின் நிலை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அவ்வூரார் விளையாடி மகிழும் இரண்டு நாள்களை வைத்திருந்தனர். அவற்றுக்குப் பகரமாக அவற்றினும் சிறந்த இரு நாள்களை, ஈதுல் ஃபித்ரையும் ஈதுல் அள்ஹாவையும், அல்லாஹ் அளித்துள்ளான் என்று அவர்கள் கூறிய செய்தியை அனஸ் (ரலி) அறிவிக்க, அபூதாவூதில் காண்கிறோம். மக்களுக்குக் களிப்புக்கென்று நாள் வேண்டும் என்னும் தேவை அங்கே மறுக்கப்படவில்லை, நாள்கள்தாம் மாற்றப்பட்டன. பெருநாளில் நோன்பு நோற்பது தடை என்பதையும் நினைத்துப் பாருங்கள். உண்பதும் உறவினரைக் காண்பதும் அன்றைய வணக்கத்தோடு சேர்ந்தவை. ஆகவே பெருநாள் தொழுகைக்கு ஒரு மணி நேர அனுமதி தந்துவிட்டுப் பத்து மணிக்குக் கடைக்கு வரச் சொல்வது பெருநாளை முழுதாகத் தந்ததாகாது.

வெள்ளிக்கிழமையின் நிலை வேறு. யூதர்களுக்குச் சனிக்கிழமை முழுநாள் ஓய்வு நாளாக விதிக்கப்பட்டது போல நமக்கு வெள்ளி விதிக்கப்படவில்லை. ஸூரத்துல் ஜுமுஆவின் இறுதி வசனங்கள் இரண்டு கட்டளைகளை அடுத்தடுத்துத் தருகின்றன. பாங்கு சொல்லப்பட்டதும் வணிகத்தை விட்டுவிட வேண்டும். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடலாம். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பழஞ்சந்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவ்வசனங்களே நினைவுக்கு வரும். சந்தையும் அதே நாளில், ஜும்ஆவும் அதே நாளில். பழைய இரும்பும் செடிகளும் விற்பவர் பாங்கொலி கேட்டதும் பொருளைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறார். தொழுதபின் மீண்டும் விரிப்பின் முன் அமர்கிறார். அவருக்கு வேண்டியது முழுநாள் விடுப்பன்று, இடைவேளைதான். அவர் தம் பொழுதுக்குத் தாமே உடைமையாளர். கூலிக்கு நிற்பவருக்கு அந்த இடைவேளையைத் தருவது யார்?

இக்கேள்வியை நம் ஃபுகஹாக்கள் சட்டம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே எடுத்து ஆராய்ந்துள்ளனர். குறித்த காலத்துக்குத் தம் உழைப்பை ஒருவரிடம் ஒப்படைத்த தொழிலாளியை ஃபிக்ஹு நூல்கள் 'அஜீர் காஸ்' என அழைக்கும். அவருடைய நேரம் முதலாளிக்கு உரியது; எனினும் ஃபர்ளான தொழுகைகளின் நேரம் அவ்வொப்பந்தத்திலிருந்து தானாகவே விலக்கப்பட்டது, அதற்காகக் கூலி குறையாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. இதைவிடச் சுவையான ஓர் ஆய்வு கெய்ரோவில் நடந்தது. ஹிஜ்ரி 970இல் (கி.பி. 1563) மறைந்த ஹனஃபி மேதை இப்னு நுஜைம் (ரஹ்) தம் 'அல்அஷ்பாஹ் வந்நளாஇர்' நூலில், வழக்காறு தீர்ப்பளிக்கத் தக்கது என்னும் விதியின் கீழ், மத்ரஸாக்களின் விடுமுறை நாள்களைப் பற்றிப் பேசுகிறார். பெருநாள்கள், ஆஷூரா நாள், ஃபிக்ஹுப் பாடத்துக்கு ரமளான் மாதம் ஆகியவை அக்காலத்தில் வழக்கமான விடுமுறைகள். கேள்வி இதுதான்: பாடம் நடத்தாத அந்நாள்களுக்கும் ஆசிரியர் வக்ஃபிலிருந்து ஊதியம் பெறலாமா?

அவர் காழியின் நிலையை ஒப்பிடுகிறார். விசாரணை இல்லாத நாளில் காழி பைத்துல்மாலிலிருந்து தம் படியைப் பெறலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பெறலாம் என்றோர் சொன்ன காரணம் என்னை நீண்ட நேரம் நிறுத்தி வைத்தது: இன்று அவர் ஓய்வெடுப்பது நாளைய பணிக்காகவே. அதாவது ஓய்வு பணிக்கு வெளியே இருப்பதன்று; பணியின் ஒரு பகுதி. நாமறிந்த தொழிலாளர் சட்டங்கள் அனைத்தும் நிற்கும் அடித்தளம் இதுவே. இதனை ஆசிரியருக்கும் பொருத்திய இப்னு நுஜைம், ஊக்கமுடையோர் விடுமுறை நாளில் படிக்கவும் எழுதவும் செய்வர் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. தம் காலத்து ஆசிரியர்கள் விடுமுறையை நீட்டி நீட்டிப் பாடம் நடக்கும் நாள்களே அருகிவிட்டன என்று குறைப்பட்டும் கொள்கிறார்! மத்ரஸா ஆசிரியன் என்ற முறையில் அவ்வரியை வேகமாகக் கடந்துவிடுவதே எனக்கு நலம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் கொண்டுவந்த ஓய்வு நாள் முதலில் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் உரியதாகவே இருந்தது. 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் ஞாயிறு, ஆங்கிலப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி ஆகியவற்றைப் பொது விடுமுறை நாள்கள் எனப் பெயர் சொல்லிக் குறித்தது. பிற நாள்களை அரசு அறிவித்துக்கொள்ளலாம் என்றது. காசோலையும் உண்டியலும் எந்த நாளில் செலுத்தத் தக்கவை என்று தீர்மானிப்பதே அதன் நோக்கம். அரசு விடுமுறை என்று நாம் இன்று சொல்லும் பட்டியலின் வேர் அந்த வணிகச் சட்டத்தில் இருக்கிறது. தொழிலாளியின் களைப்பு அங்கே கணக்கில் வரவில்லை. 1955இல்தான் அந்த நாள்களின் பெயர்கள் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. ஞாயிறு மட்டும் நின்றது.

தொழிலாளிக்கு ஓய்வு, கேட்டதனால் வந்தது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி வார ஓய்வு கேட்டார். 1890இல் பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுப்புக்கு இணங்கினர். 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் வார ஓய்வு இடம்பெற்றது. சென்னையில் 1918 ஏப்ரலில் பெரம்பூர்ப் பகுதி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. உணவு இடைவேளை போதவில்லை என்பது அவர்களது தொடக்கக் குறைகளுள் ஒன்று. 1923 மே முதல் நாள் ம. சிங்காரவேலர் உயர்நீதிமன்றத்துக்கு எதிரிலுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்கள் நடத்தி இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். அந்நாளை விடுமுறையாக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அங்கேயே எழுந்தது.

அக்காலத்தில் நம் தென்புறநகர் எப்படி இருந்தது? பல்லாவரத்துக்குத் தெற்கே குரோம் முறையில் தோல் பதனிடும் ஆலை ஒன்றை ஜார்ஜ் அலெக்சாண்டர் சேம்பர்ஸ் நடத்தினார். குரோம் லெதர் கம்பெனி என்னும் அவ்வாலையின் பெயரே குரோம்பேட்டைக்குப் பெயராயிற்று. சேம்பர்ஸ் காலனி என்னும் பெயரும் அவர் நினைவே. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஞாயிறு விடுப்புடைய எழுத்தர்களும், ஞாயிறும் திங்களும் ஒன்றேயான தோல் தொழிலாளர்களும் அதன்பின் ஒரே தண்டவாளத்தின் இருபுறமும் குடியேறினர்.

தோல் தொழிலுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. ஊறும் தோல் ஞாயிறு என்று காத்திருக்காது; குறித்த நேரத்தில் எடுக்காவிட்டால் கெட்டுவிடும். ஹஜ்ஜுப் பெருநாளையொட்டியோ குர்பானித் தோல்கள் வந்து குவியும். நம் சமுதாயத்தவர் வணிகராகவும் தொழிலாளராகவும் நிறைந்த ஒரு தொழிலில், நம் பெருநாளே வேலை மிகுந்த பொழுதாகவும் அமைந்துவிடுகிறது! 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இத்தகைய இடர்ப்பாட்டை அறிந்தே எழுதப்பட்டது. வாரத்தின் முதல் நாள் வேலை வாங்கினால் அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாள்களுக்குள் ஒரு முழுநாள் ஓய்வு தர வேண்டும் என்றது. ஆண்டில் 240 நாள்கள் உழைத்தவருக்கு, உழைத்த ஒவ்வோர் இருபது நாளுக்கும் ஒரு நாள் வீதம் கூலியுடன் விடுப்பு என்றது. 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய புதிய தொகுப்புச் சட்டம் அந்த 240 நாள்களை 180 ஆகக் குறைத்திருக்கிறது. ஹஜ்ஜுக்குச் செல்ல விரும்பும் தொழிலாளி ஒன்றைக் கவனிக்க: தொழிற்சாலைச் சட்டத்தின்படி பயன்படுத்தாத விடுப்பை அடுத்த ஆண்டுக்கு முப்பது நாள் வரை எடுத்துச் செல்லலாம். ஹஜ் கமிட்டி வழியான பயணம் ஏறக்குறைய நாற்பது நாள். முந்தைய ஆண்டே விடுப்பைச் சேமிக்கத் தொடங்கினால் கூலி இழப்பின்றிச் சென்று வர இயலும். பணத்தைச் சேமிப்போர் பலர். நாள்களைச் சேமிப்போரை நான் அதிகம் கண்டதில்லை.

கடைகளுக்கு 1947ஆம் ஆண்டின் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வந்தது. வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு; ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்தபின் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் கூலியுடன் விடுப்பு; அன்றி நோய்க்குப் பன்னிரண்டு, தக்க வேறு காரணங்களுக்குப் பன்னிரண்டு. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதாயின் இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. ஜும்ஆவுக்குத் தனி விதி அதில் இல்லை. ஆயின் காலை ஒன்பதரைக்கு வந்தவருக்கு அந்த ஒரு மணி நேரத்தை வெள்ளியன்று ஒரு மணிக்கு வைத்துக்கொடுப்பதில் முதலாளிக்கு ஒரு காசும் இழப்பில்லை. அதைச் சலுகையாகக் கேட்காமல், உரிய இடைவேளையின் நேரத்தை மாற்றித் தருமாறு கேட்கலாம். 2019 முதல் பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் கடைகள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க அரசு அனுமதித்தது. அங்கும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வார ஓய்வு தர வேண்டும் என்பது நிபந்தனை.

பெருநாளுக்குரிய சட்டம் 1958இல் வந்தது. காமராசர் முதலமைச்சர், தொழிலாளர் துறை, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமனிடம் இருந்தது. 'தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம்' என்று இன்று வழங்கும் அது, சில பக்கங்களே கொண்ட சிறு சட்டம். தொழிற்சாலைகளோடு கடைகளும் உணவகங்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன. அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் தேசிய விடுமுறைகள். இவற்றுள் மே நாள் கூலியுடன் கூடிய விடுமுறையானது தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகு. இவற்றோடு ஆண்டுக்கு ஐந்து பண்டிகை விடுமுறைகள். ஆக ஒன்பது நாள்கள்.

அந்த ஐந்து எவை? சட்டம் எந்தப் பண்டிகையின் பெயரையும் சொல்லவில்லை. பொங்கல் என்றும் சொல்லவில்லை, தீபாவளி என்றும் சொல்லவில்லை, பெருநாள் என்றும் சொல்லவில்லை. முதலாளியையும் தொழிலாளரையும் கலந்தாலோசித்து, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஐந்து பண்டிகைகளைத் தொழிலாளர் துறை ஆய்வாளர் குறிக்க வேண்டும் என்கிறது. இங்கேதான் நாம் கவனமாக நிற்க வேண்டும். தமிழக அரசு ஆண்டுதோறும் வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியல், 2025க்கு 24 நாள்களைக் கொண்டது, அரசு அலுவலகங்களுக்கு உரியது. ரம்ஜான், பக்ரீத், மொகரம், மிலாடி நபி நான்கும் அதில் உள்ளன என்பதால் தனியார் கடையிலும் அவை தாமாக விடுமுறையாகிவிடா. அங்கே எது விடுமுறை என்பதை அந்த ஐந்து நாள் பட்டியலே தீர்மானிக்கும்.

அப்பட்டியல் எவ்வாறு உருவாகிறது என்று தொழிலாளரைக் கேட்டால் பலர் விழிப்பர். கணக்கர் சென்ற ஆண்டின் தாளை எடுத்து ஆண்டெண்ணை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார். பொங்கலை ஒட்டி இரண்டு நாள், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி என்று ஐந்தும் நிரம்பிவிடும். அதில் பகைமை ஏதுமில்லை. பெரும்பாலோர் கொண்டாடும் நாள்கள் அவை. ஆனால் ஆலோசனை என்று சட்டம் சொன்னது அங்கே நடக்கவில்லை. பத்துப் பேர் பணிபுரியும் இடத்தில் மூவர் முஸ்லிம்கள், இருவர் கிறிஸ்தவர்கள் என்றால், டிசம்பரில் பட்டியல் போகும் முன் ஐவரும் சேர்ந்து வாய் திறந்தால் நோன்புப் பெருநாளும் கிறிஸ்துமஸும் இடம்பெறத் தடையில்லை. பெருநாளுக்கு முந்திய இரவில் மேலாளரிடம் மன்றாடுவோர், டிசம்பரில் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

பட்டியலில் உள்ள நாளில் வேலை செய்ய நேர்ந்தால் என்ன? அதற்கும் அச்சட்டத்தில் விடை உண்டு: அன்றைக்கு இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு, வேறொரு நாளில் கூலியுடன் மாற்று விடுமுறை. பட்டியலில் பெருநாள் இல்லையென்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை. கடை ஊழியருக்குத் தக்க காரணத்துக்கென்று உள்ள பன்னிரண்டு நாளில் இரண்டைப் பெருநாள்களுக்கென்று ஒதுக்கி வைக்கலாம். கூலி போகாது.

மீலாது விடுமுறையின் வரலாறு தனி. மீலாதைக் கொண்டாடுவது பற்றி நம்மிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் இங்கே நான் நுழையவில்லை. அரசு அதை எவ்வாறு நடத்தியது என்பது மட்டுமே இக்கட்டுரைக்குரியது. தமிழகத்தில் 1969இல் கலைஞர் மு. கருணாநிதியின் அரசு நபிகள் நாயகம் (ஸல்) பிறந்த நாளை அரசு விடுமுறையாக்கியது. நடுவணரசில் அது 1990இல், விடுதலை நாள் உரையில் பிரதமர் வி.பி. சிங் அறிவித்தபோதுதான் வந்தது. தமிழகத்தில் 2001இல் அ.இ.அ.தி.மு.க. ஆட்சியில் நீக்கப்பட்டு, 2006இல் தி.மு.க. ஆட்சி திரும்பியதும் மீண்டும் சேர்க்கப்பட்டது. ஆட்சியாளர் பேனாவால் வரும் விடுமுறை அதே பேனாவால் போகவும் கூடும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்து நாள்களோ சட்டமன்றம் தந்தவை.

பிறைக்கும் நாள்காட்டிக்கும் உள்ள இழுபறி இன்னொன்று. சட்டமும் அலுவலகமும் நாளை முன்கூட்டியே குறிக்க விரும்பும். பிறையோ அன்றிரவுதான் பேசும். தமிழகத்தில் இரண்டுக்கும் நடுவே நிற்பவர் அரசுத் தலைமை காஜி. அப்பதவிக்கு அடிப்படையான 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம், தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு மட்டுமே பொருந்துமாறு இயற்றப்பட்டது. ஓர் ஊரின் முஸ்லிம்கள் விரும்பினால், அவர்களில் முதன்மையானோரைக் கலந்தாலோசித்து அரசு காஜியை நியமிக்கலாம் என்கிறது. கலந்தாலோசித்து என்னும் அதே சொல் அங்கும்! நிக்காஹ் முதலிய சடங்குகளையே அச்சட்டம் பேசுகிறது; பிறை அறிவிப்பு வழக்காற்றினால் வந்து சேர்ந்தது. 2024இல் மீலாது விடுமுறை செப்டம்பர் 16 என்று அரசு முன்பே அறிவித்திருந்தது. பிறை தென்படாததால் தலைமை காஜியின் அறிவிப்பை ஏற்று 17க்கு மாற்றியது. அரசு அலுவலகங்களுக்கு ஓர் ஆணையில் முடிந்த செய்தி அது. கடையில் வேலை செய்பவருக்கு அத்தகைய ஆணை வராது. ஆகவே பட்டியலில் தேதியை மட்டும் எழுதாமல், பிறைக்கேற்ப மாறும் என்று ஒரு குறிப்பையும் சேர்க்கச் சொல்வது அறிவுடைமை. அடுத்த ஆண்டு, 2025இல், நோன்புப் பெருநாள் மார்ச் 31, திங்களன்று அமைந்தது. நிதியாண்டின் இறுதி நாள் என்பதால் அரசுக் கணக்குகளைக் கையாளும் வங்கிகளைத் திறந்து வைக்குமாறு ரிசர்வ் வங்கி பணித்தது. வங்கியில் பணிபுரியும் நம் சகோதரர் பலர் பெருநாள் தொழுதுவிட்டுக் கணக்கு முடிக்கச் சென்றனர்.

முஸ்லிம் நாடுகளில் வெள்ளி விடுமுறை என்றும் மாறாதது என்று எண்ணுவோர் உண்டு. துருக்கி 1935இல் வார விடுமுறையை வெள்ளியிலிருந்து ஞாயிறுக்கு மாற்றியது. பாகிஸ்தான் 1977இல் வெள்ளியை விடுமுறையாக்கி 1997இல் ஞாயிறுக்கே திரும்பியது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 தொடக்கத்தில் தன் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறை முழு விடுமுறையாக்கி, வெள்ளியை ஜும்ஆவுக்கு முன் முடியும் அரைநாள் பணியாக்கியது. இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிறை விட்டுப் போயா நாள்களையே வார ஓய்வாகக் கொண்டு பார்த்தனர். நிலவைப் பின்பற்றும் வாரம் வணிகத்தோடு ஒத்துவராமல் ஞாயிறுக்கே மீண்டனர். வார ஓய்வு எந்த நாள் என்பது வழக்காற்றைச் சார்ந்தது என்று ஃபுகஹாக்கள் கண்டதற்கு இவையெல்லாம் சான்று.

இதுவரை நாம் கேட்கும் பக்கம் நின்று பேசினேன். கொடுக்கும் பக்கத்திலும் நாம் இருக்கிறோம். தாம்பரம் முதல் பல்லாவரம் வரை உணவகங்களும் பழக்கடைகளும் தோல் நிறுவனங்களும் நடத்தும் நம்மவர் பலர். அவர்களிடம் பணிபுரிவோரில் பிற சமயத்தாரும், வடமாநிலங்களிலிருந்து வந்தோரும் உண்டு. பெருநாளன்று கடையை மூடி, அன்றைய கூலியை வெட்டும் முதலாளிகளை நான் அறிவேன். விடுப்பு எடுத்தவர் முதலாளி. கூலி இழந்தவர் தொழிலாளி! தீபாவளிக்கு ஊருக்குச் செல்லும் பையனுக்குச் சம்பளப் பிடித்தம் செய்பவர், தம் மகனுக்குப் பெருநாள் விடுப்புத் தராத நிறுவனத்தைப் பற்றிப் பள்ளிவாசல் திண்ணையில் வருந்துகிறார். 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் ஒன்றே. உழைப்பாளிகள் உங்கள் சகோதரர்கள், அவர்கள் தாங்காததைச் சுமத்தாதீர்கள் என்னும் பொருளில் அபூதர் (ரலி) வழியே புகாரியில் வந்துள்ள நபிமொழி சமயம் பார்த்துச் சொல்லப்பட்டதன்று.

அதைவிட நெருக்கமான ஓரிடம் உண்டு. நம் பள்ளிவாசல்களின் இமாமுக்கும் மோதினாருக்கும் வார ஓய்வு எந்நாள்? மேலே சொன்ன சட்டங்கள் கடைக்கும் ஆலைக்கும் எழுதப்பட்டவை. பள்ளிவாசலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. 1993 மே 13 அன்று உச்சநீதிமன்றம், அனைத்திந்திய இமாம்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், வக்ஃபு வாரியப் பள்ளிவாசல்களின் இமாம்கள் ஊதியம் பெற உரியவர்கள் என்று தீர்ப்பளித்தது. ஊதியம் பற்றிய வழக்கு அது. தமிழகத்தில் 2009இல் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் அமைந்தது, அதுவும் உதவித்தொகைகளுக்கானது. மோதினார் ஃபஜ்ருக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே எழுந்து இஷாவுக்குப்பின் கதவடைத்துப் படுக்கிறார். ஆண்டின் 365 நாளும் ஐந்து வேளையும் அவர் குரல் கேட்டாக வேண்டும். பெருநாளோ அவருக்கு உழைப்பு மிகுந்த நாள். ஊரில் தாயார் நோயுற்றால் மாற்றாளைத் தாமே தேடி, அவருக்குத் தம் கையிலிருந்தே கொடுத்துவிட்டுப் புறப்படும் மோதினார்கள் இப்புறநகரில் இருக்கிறார்கள்.

இதற்கும் நம் நூல்களில் இடமுண்டு. இப்னு நுஜைம் (ரஹ்) அதே பகுதியில், ஹிஜ்ரி 658இல் மறைந்த ஸாஹிதியின் 'குன்யா'விலிருந்து ஒரு தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார். ஓர் இமாம் கிராமங்களில் வாழும் உறவினரைக் காண்பதற்காகவோ, துன்பம் நேர்ந்ததற்காகவோ, ஓய்வுக்காகவோ ஒரு வாரம் அல்லது ஏறக்குறைய அவ்வளவு நாள் இமாமத்தை விட்டுச் சென்றால் குற்றமில்லை. வழக்காற்றிலும் ஷரீஅத்திலும் அது பொறுத்துக்கொள்ளத் தக்கது என்பது அதன் கருத்து. ஓய்வுக்காக என்ற காரணத்தை அவர்கள் தனியே எண்ணியிருப்பதைக் கவனியுங்கள். நோயும் மரணமும் மட்டுமே விடுப்புக்குக் காரணமாகும் என்று அந்த அறிஞர்கள் கருதவில்லை.

ஜமாஅத்தின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மின்கட்டணத்துக்கும் வெள்ளையடிப்புக்கும் தலைப்புகள் உண்டு. வாரத்தில் ஒரு நாளும், ஆண்டில் இரண்டு வாரமும் இமாமுக்கும் மோதினாருக்கும் மாற்றாக நிற்பவருக்கான ஊதியம் என்று ஒரு தலைப்பைச் சேர்த்தால் அதன் தொகை மின்கட்டணத்தைவிடப் பெரிதாக இராது. பொதுக்குழுவில் அதை முன்மொழிய வேண்டியவர் இமாமோ மோதினாரோ அல்லர். அவர்கள் கேட்க மாட்டார்கள். சந்தா செலுத்தும் உறுப்பினர் எவரும் முன்மொழியலாம்.